உடம்பு சரியில்லாதவர் விமானத்தில் போகலாமா?



போன மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி வந்தார். மாமியாருக்கு மாரடைப்பு வந்து ஐந்தே நாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார், அம்மாவை அழைத்துப்போக டிக்கெட் போட்டுவிட்டார். "கட்டின காசு வீணாப் போயிடுமேக்கா, அனுப்பலாமா?" என்றார். நம்மில் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமே சொல்லிவிடுகிறோம்.

விமானத்துக்குள் என்ன ஆகிறது?

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அப்படியும் 6,000 முதல் 8,000 அடி மலை மேல் இருப்பது போலத்தான். அதாவது, ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி! ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் ரத்தசோகை அதிகம் உள்ளவர்களுக்கும் ஆக்சிஜன் போதாமல் மூச்சு முட்டலாம். உடம்புக்குள் அடைபட்ட காற்றும் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். புதிதாக வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது ஆபத்து.

யார் பொறுத்துப் போக வேண்டும்?

* மாரடைப்பு: சிக்கல் இல்லாவிட்டாலும் 7 முதல் 10 நாள்.
* வயிற்றில் பெரிய ஆபரேஷன்: சுமார் 10 நாள்.
* மாவுக்கட்டு: போட்டு 2 நாள்.
* கண்ணுக்குள் வாயு செலுத்தி ஆபரேஷன்: வாயு கரையும் வரை போகவே கூடாது. பார்வையே போய்விடலாம்.
* கர்ப்பிணிகள்: பொதுவாக 36 வாரம் வரை, இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரம் வரை போகலாம். 28 வாரத்துக்குப் பிறகு பல கம்பெனிகள் டாக்டர் சான்று கேட்கும்.
* தொற்றும் நிலையில் உள்ள காசநோய், கொப்புளம் காயாத அம்மை: போகக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும் அல்லவா?

சர்க்கரை, பி.பி. கட்டுப்பாட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம், தாராளமாகப் போகலாம்.

மறக்கக் கூடாதவை

மாத்திரை, இன்சுலின், டாக்டர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டால் இன்சுலின் குளிரில் உறைந்து கெடலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டலாம். சக்கர நாற்காலி தேவையென்றால் 2 நாள் முன்பே சொல்லுங்கள். முக்கியமாக, நோயை மறைக்காதீர்கள். தெரிந்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடுவானில் ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி ஏது?

டிக்கெட் எடுக்கும் முன்பே வைத்தியம் பார்த்த டாக்டரைக் கேளுங்கள். அந்தச் சகோதரியும் கேட்டார். டாக்டர் பொறுக்கச் சொன்னதால் தேதியை மாற்றினார்கள். கொஞ்சம் காசு பிடித்துக்கொண்டார்கள்தான். "பரவாயில்லக்கா, டிக்கெட்ட மறுபடி வாங்கிக்கலாம், மாமியார வாங்க முடியுமா?" என்று அவரே சிரித்தார்.