பிள்ளைகளின் திறமையும் பெற்றோரின் கணக்கும்

ஏலமலைக்கும் மேகமலைக்கும் நடுவே, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கும் அதை ஒட்டிய தேனிப் பகுதியும் தமிழ்க் கலையுலகுக்குத் தந்த பெயர்கள் ஊரறிந்தவை. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும் கங்கை அமரனும், தேனி அல்லிநகரத்தின் பாரதிராஜாவும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவும் இந்த மண்ணின் பெருமையாகச் சொல்லப்படுகிறார்கள். இப்பட்டியலில் ஆண்களே நிறைந்திருப்பதற்கு, இங்கே பிறந்த பெண்களுக்குக் குரலும் தாளமும் வாய்க்கவில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. ஏனெனில் தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் முளைப்பாரிக் கும்மியும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வாய்வழியாகவே இங்கு வாழ்ந்து வந்திருக்கின்றன. அப்பாடல்கள் வயலிலும் வாசலிலும் துக்க வீட்டிலும் பாடப்பட்டதால் அவை வேலையின் பகுதியாகவும் சடங்கின் பகுதியாகவும் கருதப்பட்டனவே தவிர, பாடிய பெண்ணின் திறமையாகக் கணக்கில் வைக்கப்படவில்லை. ‘கருத்தம்மா’ (1994) உள்ளிட்ட படங்களில் பாடிய தேனி குஞ்சரம்மாள் போன்ற ஒருவர் பரவலாக அறியப்படுவதற்கே 1990களின் திரையிசை வர வேண்டியிருந்தது.

பாவலர் வரதராஜனின் இசைக்குழு பொதுவுடைமை இயக்க மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய காலத்தில், பெண் குரலுக்குரிய பகுதிகளைப் பாடியவர் அவருடைய தம்பியான இளையராஜாதான். குரல் உடைந்த பிறகே அவர் ஆர்மோனியத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். இது அந்தக் குழுவுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. அதற்கு முன்பே மதுரையை மையமாகக் கொண்டு இயங்கிய பாய்ஸ் கம்பெனிகள், அதாவது சிறுவர்களை மட்டுமே சேர்த்துத் தங்கவைத்துப் பயிற்றுவித்த நாடகக் குழுக்கள், பெண் வேடங்களை ‘ஸ்திரீ பார்ட்’ என்ற பெயரில் சிறுவர்களுக்கே கொடுத்தன. பெண்ணின் குரலும் நடையும் மேடைக்குத் தேவைப்பட்டன. ஆனால் வீட்டுப் பெண்ணை மேடைக்கு அனுப்பக் குடும்பங்கள் தயாராக இல்லை. பின்னர் 1968இல் இளையராஜாவும் சகோதரர்களும் சென்னைக்குப் புறப்பட்டபோது, அவர்களின் தாய் சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று வழிச்செலவுக்குக் கொடுத்த செய்தி தமிழர் பலரும் அறிந்தது. வீட்டிலிருந்த பொருளை விற்றுப் பிள்ளையின் கலைமீது நம்பிக்கை வைத்த அந்தத் தாயின் மனம் போற்றுதலுக்கு உரியது. இன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி, அத்தகைய நம்பிக்கை ஒரு வீட்டில் எந்தப் பிள்ளையின்மீது, எந்த வயது வரைக்கும் வைக்கப்படுகிறது என்பதே.

வகுப்புப் பாடத்துக்கு அப்பால் பிள்ளைகள் பழகும் இசை, நடனம், ஓவியம், சிலம்பம், கபடி, சதுரங்கம் முதலியவை கல்வி இணைச் செயல்பாடுகள் எனப்படுகின்றன. இவற்றுக்காகப் பெற்றோர் செலவிடும் பணத்துக்கும் நேரத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மகன் சிலம்பமோ கபடியோ பழகினால், அது அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கோ காவல்துறைத் தேர்வின் உடல்தகுதிக்கோ பயன்படும் என்று எதிர்காலத்தோடு இணைத்துப் பார்க்கப்படுகிறது. மகள் பரதம் பழகினால், அது நல்ல பழக்கம், ஆண்டுவிழா மேடைக்கு அழகு என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒரே மாதக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு முதலீடாகவும் மற்றொரு பிள்ளைக்கு அலங்காரச் செலவாகவும் எண்ணப்படுவதால், வீட்டில் பணமுடை வரும் மாதத்தில் எந்த வகுப்பு முதலில் நிறுத்தப்படும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

பணத்தைவிடவும் கடுமையான எல்லை வயது. பெண் பூப்பெய்தியதும், அதுவரை பாராட்டப்பட்ட ஓட்டமும் ஆட்டமும் திடீரென்று கேள்விக்குள்ளாகின்றன. ‘வயசுக்கு வந்த பிள்ளை’, ‘இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளை’ என்ற சொற்கள் வீட்டில் ஒலிக்கத் தொடங்கும்போது, அரைக்கால்சட்டைச் சீருடை, ஆண் பயிற்சியாளர், வெளியூர்ப் போட்டி, இருட்டிய பின் பேருந்து ஆகிய ஒவ்வொன்றும் தடையாகிறது. பள்ளத்தாக்கின் வேலைமுறையும் இதில் பங்கு வகிக்கிறது. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையிலேயே ஜீப்பில் ஏறிச் செல்லும் பெண்கள் மாலையில்தான் திரும்புகிறார்கள். திராட்சைத் தோட்ட வேலையும் காலையிலேயே தொடங்கிவிடும். தாய் வீட்டில் இல்லாத அந்த நேரத்தில் தண்ணீர் பிடிப்பதும், உலை வைப்பதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் மூத்த மகளின் பொறுப்பாகின்றன. மைதானம் திறந்திருக்கும் நேரமும் அதுவே. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண் ஒருவர் 97 நிமிடங்களையும் அதில் செலவிடுகிறார்கள். பயிற்சி என்பது அடிப்படையில் நேரம் என்பதால், இந்த இடைவெளியே பிற்காலத்தில் திறமையின் இடைவெளியாகத் தோற்றம் கொள்கிறது.

பெற்றோரின் எண்ணம் பிள்ளையின் திறமைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜாக்குலின் எக்லெஸ் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஒரு பிள்ளை ஒரு செயலில் நீடிப்பதற்கு, தன்னால் அதில் வெல்ல முடியும் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் செயலுக்கு மதிப்பு உண்டு என்ற உணர்வும் வேண்டும். இவ்விரண்டையும் பெருமளவு உருவாக்குபவர்கள் பெற்றோர் என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். ஜானிஸ் ஜேக்கப்ஸுடன் இணைந்து அவர் 1992இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் விளையாட்டிலும் ஆண்பிள்ளைகளே இயல்பாகச் சிறந்தவர்கள் என்று பொதுவாக நம்பும் தாய், தன் சொந்தப் பிள்ளையின் ஆற்றலையும் அந்த நம்பிக்கைக்கு ஏற்பவே எடைபோடுகிறார் என்றும், அந்த எடை பிள்ளை தன்னைப் பற்றிக் கொள்ளும் மதிப்பீடாக மாறுகிறது என்றும் காட்டியது. லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 5 வயதில் ஆண் பெண் இரு பாலரும் தத்தம் பாலினத்தையே மிகுந்த அறிவுடையதாகக் கருதினர். 6, 7 வயதுக்குள் சிறுமிகளிடம் அந்த எண்ணம் குறைந்தது. ‘மிகவும் புத்திசாலியான பிள்ளைகளுக்கான விளையாட்டு’ என்று அறிமுகப்படுத்தப்பட்டதில் அவர்களின் நாட்டமும் குறைந்தது. இவை அமெரிக்கப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் என்றாலும், ‘அவளுக்கு அதுல விருப்பமே இல்ல’ என்று ஒரு தேனி வீட்டில் சொல்லப்படும்போது, அந்த விருப்பமின்மை எந்த வயதில், யாருடைய பேச்சைக் கேட்டு உருவானது என்று பொறுமையாக எண்ணிப் பார்க்க இவை வழிகாட்டுகின்றன.

இசைக்கருவிகளுக்கும் பெற்றோர் பால் வகுத்துவிடுகிறார்கள். ஹெரால்ட் அபெலெஸ், சூசன் போர்ட்டர் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், குழலும் வயலினும் மகளுக்கு ஏற்றவை என்றும், முரசும் எக்காளமும் மகனுக்கு ஏற்றவை என்றும் பெரியவர்கள் தேர்ந்தெடுத்தனர். தமிழகத்தில் வீணையும் வாய்ப்பாட்டும் பெண்ணுக்கும், தவிலும் மிருதங்கமும் ஆணுக்கும் என்று வகுத்த பிரிவு இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. ஆனால் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் ஆண்களே நிறைந்திருந்த நாகஸ்வரத் துறையில் மேடையேறி வாசித்தார். மிருதங்கம் பழகிய சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விரும்பியபோது, பெண்ணின் கைகளுக்கு அது கடினமாக இருக்குமே என்ற தயக்கம் கற்பிக்கும் இடத்திலேயே எழுந்தது. கடக் கலைஞர் விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா அவருக்குக் கற்றுத்தர முன்வந்தார்; சுகன்யா இந்தியாவின் முன்னணிக் கடக் கலைஞர்களில் ஒருவரானார். தேனிக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல்லில் 1990இல் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, சாதி இழிவும் பால் தடையும் ஒருங்கே சுமத்தப்பட்ட பறையைத் தலித் இளம்பெண்களின் கைகளில் கொடுத்தது. இங்கே எல்லாம் மாறியது விரல்களின் வலிமையன்று. கருவியைக் கொடுக்க ஒருவர் முன்வந்தார் என்பதே.

இந்தப் பிரிவினையால் ஆண்பிள்ளைகளும் இழக்கிறார்கள் என்பது போதுமான அளவு பேசப்படுவதில்லை. பரதம் பழக விரும்பும் சிறுவன் ‘பொம்பளை மாதிரி ஆடுறான்’ என்ற ஏளனத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கலையைத் தலைமுறைகளாகக் கற்பித்த நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதோ, ராஜகம்பளத்தார் சமூகத்தினர் தேவதுந்துபி என்ற மேளத்தின் முழக்கத்துக்கு ஆடும் தேவராட்டம் மரபாக ஆண்களின் ஆட்டம் என்பதோ ஏளனம் செய்பவர்களின் நினைவுக்கு வருவதில்லை. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், சிறுவனாகக் கருதப்பட்ட வயதில் ஆட விரும்பியதற்காகவும் தம் பெண்மையை மறைக்க மறுத்ததற்காகவும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது; தஞ்சை கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் பயின்ற அந்தத் திருநங்கைக் கலைஞருக்கு 2019இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருதை நாடு கொடுத்தது. ஆனால் அவர் இளமையில் இழந்த வீட்டை எந்த விருதாலும் திருப்பித் தர முடியாது.

விளையாட்டில் நிலைமை சற்று வேகமாக மாறிவருகிறது. மதுரை அருகே சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடிய அவரைக் கண்ட பயிற்சியாளர் கண்ணன் பயிற்சிக்கு அனுப்புமாறு கேட்டபோது பாட்டி முதலில் தயங்கினார்; பின்னர் உறவினரின் குறைகூறலைப் பொருட்படுத்தாமல் அனுப்பிவைத்தார். ரேவதி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். கூலிவேலை செய்து பேத்தியரை வளர்த்த ஒரு மூதாட்டி எடுத்த அந்த முடிவு, வசதியுள்ள பல வீடுகளில் இன்னும் எடுக்கப்படாத முடிவு. கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடவர் அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கக் குடும்பங்கள் திரளும் பெரியகுளத்தில், பார்வையாளர் வரிசையில் தந்தையோடு அமர்ந்திருக்கும் சிறுமிகளுக்கும் பந்தைக் கையில் கொடுக்கும் அளவுக்கு விளையாட்டு ஆர்வம் அந்த ஊருக்கு உண்டு.

பெற்றோரின் மனம் மாறும்வரை காத்திருக்காமல் பள்ளியே செய்யக்கூடியவை உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23ஆம் கல்வியாண்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடந்து, மாநில அளவில் சிறந்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்ற விருதுகளை வழங்குகிறது. கட்டணம் கட்டி வகுப்புக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைக்கும், கட்டணம் இருந்தும் அனுப்பப்படாத பெண்பிள்ளைக்கும் அது ஒரு வாயில். அதற்கான பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே நடந்தால், மாலை நேரத்தை யாரிடமும் கெஞ்சிப் பெற வேண்டிய நிலை மாணவிக்கு வராது. கூடலூரிலிருந்தோ கோம்பையிலிருந்தோ தேனிக்குப் போட்டிக்குப் போகும் மாணவியரோடு ஓர் ஆசிரியையும், இருட்டுமுன் திருப்பிக் கொண்டுவர ஒரு வண்டியும் உறுதி செய்யப்பட்டால், மறுப்புக்காகச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சியவை வீட்டுக்குள் தீர வேண்டியவை: ஜீப் திரும்பிவரும்வரை உலை வைக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அண்ணனுக்கும் முறை வகுக்கும் வீட்டில், வாரத்தில் மூன்று மாலைகளாவது மகள் மைதானத்தில் இருக்க முடியும்.