பிள்ளையின் அறிவியல் செயல்திட்டத்துக்கு உங்கள் நெல் வயலே ஆய்வுக்கூடம்

மேலூர், வாடிப்பட்டி பகுதிகளில் நெல் நடும் விவசாயிகளுக்கு எலித் தொல்லை புதிதல்ல. 6, 7, 8-ஆம் வகுப்பு படிக்கும் உங்கள் பிள்ளையிடம் பள்ளியில் அறிவியல் செயல்திட்டம் கேட்கும்போது, கடையில் தெர்மாகோல் மாதிரி வாங்கிக் கொடுக்க வேண்டாம். வயலில் பறவை தாங்கி செய்யச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாடம், உங்களுக்குப் பயன்.

அமைக்கும் முறை

ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட இரண்டு அரை ஏக்கர் வயல்களைத் தேர்வு செய்யவும். ஒன்றில் மட்டும் 'டி' வடிவக் குச்சிகள் 10 நடவும். பயிரை விட ஒன்று அல்லது இரண்டு அடி உயரம் இருந்தால் போதும். 5 குச்சிகளின் குறுக்குக் கட்டையில் வைக்கோல் சுற்றவும். 5 குச்சிகளை வெறுமனே விடவும். பகலில் கரிச்சான் அமர்ந்து புழுக்களைப் பிடிக்கும். இரவில் ஆந்தை அமர்ந்து எலியைப் பிடிக்கும்.

கணக்கெடுப்பு

ஒவ்வொரு தாங்கியின் அடியிலும் பழைய சாக்குத் துண்டு கட்டவும். வாரம் ஒருமுறை காலையில் எச்சத்தைப் பார்த்து, பறவைகள் எதை விரும்புகின்றன என்று பிள்ளை குறிக்கட்டும். ஆந்தை கக்கிய உருண்டையில் எலியின் முடியும் எலும்பும் இருக்கும்.

இரண்டு வயலிலும் பத்துப் பத்து இடங்களில் வெட்டுப்பட்ட தூர்களை எண்ணவும். எலி வெட்டிய தூர் சாய்வாக இருக்கும். குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பான். அதைச் சேர்க்கக் கூடாது.

பறவை அமராத தாங்கியின் உயரம், இடம், கட்டையின் தடிமன் இவற்றில் ஒவ்வொன்றாக மாற்றி, மீண்டும் எண்ண வேண்டும். செயல்திட்டத்தின் உயிரே இதுதான். நீங்களே செய்து கொடுத்து விடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

* சோதனை வயலில் எலி மருந்து வைக்க வேண்டாம். புரோமடியலோன் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் பாதிக்கப்படும். எலி அதிகமானால் இரண்டு வயலிலும் சமமாகக் கிட்டி வைக்கவும்.
* எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காலில் புண் இருந்தால் பிள்ளையைச் சேற்றில் இறக்க வேண்டாம். உருண்டையைக் குச்சியால் பிரித்து, சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லவும்.
* இரவில் பிள்ளையை வயலுக்கு அனுப்பக் கூடாது.
* கதிர் பால் பிடித்ததும் தாங்கிகளை அகற்றவும். இல்லையெனில் தானியம் தின்னும் குருவிகள் அமரும்.

உதவித்தொகை

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில், தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். பள்ளி மூலமாகவே பதிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த தாங்கியை அப்படியே அனுப்பினால் எடுபடாது. உங்கள் வயலில் எண்ணிப் பார்த்து, பிள்ளை தானே கண்ட மாற்றத்தை எழுதி அனுப்பட்டும். தலைமை ஆசிரியரை இப்போதே பாருங்கள்.