பூபதியின் பெயரில் ஒரு தவளை

ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்ந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வருகிறது ஒரு தவளை. பன்றி மூக்கு, ஊதா நிறம். 2003-ல் இடுக்கியிலிருந்து உலகுக்கு அறிமுகமானது. அதன் நெருங்கிய உறவுகள் கடல் தாண்டி, சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன!

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் கிடைத்த இதே சாயல் தவளையின் மரபணுவைப் பார்த்தபோது, அது தனி இனம் என்று தெரிந்தது. 2017-ல் வைத்த பெயர், நாசிகபட்ராகஸ் பூபதி. நம் கோவை ஆனைகட்டி சலீம் அலி மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்தவர் பூபதி. 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்தார். வாழ்நாளெல்லாம் காட்டில் தேடியவருக்கு மிகப் பொருத்தமான மரியாதை இது. அவர் பெயரைச் சுமக்கும் இத்தவளையின் தலைப்பிரட்டைகள் சீறிப் பாயும் ஓடையிலும் பாறையை வாயால் உறிஞ்சிப் பற்றிக்கொண்டே வளர்கின்றன.