ராணி இல்லாத மாடம்

மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தின் முகப்புக் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மாடம் காலியாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் அங்கே விக்டோரியா மகாராணி சிலையாக நின்றார். சுதந்திரத்துக்குப் பிறகு சிலையை அகற்றினார்கள். 1996ல் பெயரும் போயிற்று. பழைய பம்பாய்க்காரர்களுக்கு மட்டும் அது இன்னமும் 'வி.டி.'தான்.

சிலையை இறக்குவது எளிது. மீதிக் கட்டடம் யாருடையது என்பதுதான் சிக்கல்.

கூர்நுனி வளைவுகள், ஊசிக் கோபுரங்கள், மழைநீரை உமிழும் விலங்கு முகங்கள் எல்லாம் இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் சீதனம். 'கோதிக்' என்ற பெயரே ஒரு வசவு. ரோமைச் சூறையாடிய கோத் இனத்தாரின் பெயரைப் பின்னாளைய இத்தாலியர்கள் இந்தப் பாணிக்கு ஏளனமாகச் சூட்டினார்கள். 18ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு அதன்மீது மீண்டும் மோகம் பிறந்தது. ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை லண்டன் அருகே தன் வீட்டைக் கோதிக் கோட்டையாக மாற்றினார். அங்கே கண்ட ஒரு கனவை வைத்து 1764ல் 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலையும் எழுதினார். டிராகுலாவும் நம் வெள்ளைப் புடவைப் பேய்களும் அந்த வம்சம்தான். 1949ல் பம்பாயில் தயாரான 'மஹல்' படத்தின் பாழடைந்த மாளிகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த நூற்றாண்டில் மோகம் கொள்கையானது. இயந்திரம் கைவினைஞனைக் கொன்றுவிட்டது, இடைக்காலக் கொத்தனிடம் திரும்புவோம் என்றார் ரஸ்கின். வேடிக்கை என்னவென்றால், இயந்திரத்தை வெறுத்தவர்களின் பாணி பம்பாயில் ரயிலுக்கே மாளிகை கட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தியில் கொட்டிய பணமும், 1860களில் கோட்டைச் சுவர்களை இடித்ததால் கிடைத்த இடமும் நகரத்துக்குப் புது முகம் தந்தன. பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் 2 லட்சம் ரூபாய் தந்து, பல்கலைக்கழக மணிக்கூண்டுக்குத் தன் தாய் ராஜாபாயின் பெயரை வைத்தார். அதை வடிவமைத்த கில்பர்ட் ஸ்காட் பம்பாய்ப் பக்கம் வந்ததே இல்லை.

எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வந்தார், தங்கினார். 1878ல் அவர் தொடங்கிய ரயில் நிலையம் முடியப் பத்து ஆண்டுகள் பிடித்தது. செலவு சுமார் 16 லட்சம் ரூபாய். ஆனால் கண்ணை இழுப்பது ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை. ஐரோப்பியச் சட்டகத்துக்குள் அவர்கள் மயிலையும் குரங்கையும் உள்ளூர் இலை கொடிகளையும் குடியேற்றினார்கள். வாயில் தூண்களில் பிரிட்டனுக்குச் சிங்கம், இந்தியாவுக்குப் புலி. ஸ்டீவன்ஸின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. உளி பிடித்தவர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

2004ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2008 நவம்பர் 26 இரவு இங்கே பயங்கரவாதிகள் 50க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளே ரயில்கள் ஓடின.

புறநகர் டிக்கெட் கூடத்தின் நீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள் வரைந்திருக்கின்றன. வரிசையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர்களுக்கு கல்யாண் லோக்கலைப் பிடிக்கவேண்டும்.