கடலை மிட்டாய் செய்வோம்

மாலை நான்கரை மணி. பள்ளி விட்டுப் பிள்ளை வருகிறான். பையைத் திண்ணையில் போடுகிறான்.

“அம்மா, பசிக்குது. அஞ்சு ரூபா குடு” என்கிறான்.

நாமும் கொடுக்கிறோம். கடைக்கு ஓடுகிறான். பளபளப்பான பாக்கெட் ஒன்றை வாங்கி வருகிறான். ஐந்து நிமிடத்தில் பாக்கெட் காலி. அரை மணி நேரத்தில் மறுபடியும் பசி.

அந்தப் பாக்கெட்டை உடனே குப்பையில் போடாதீர்கள். கையில் எடுத்துப் படியுங்கள். இப்போது நமக்குத்தான் படிக்கத் தெரியுமே! எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். விலை போட்டிருக்கும். தயாரித்த தேதியும், எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும் என்பதும் இருக்கும். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்களை நாம் படிக்கலாம். எடையையும் விலையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இந்தக் கணக்கு பிறகு உதவும்.

இந்தப் பசிக்கு நம் வீட்டிலேயே நல்ல பண்டம் செய்யலாம். அதுதான் கடலை மிட்டாய்.

ஊருக்கு ஒரு பெயர்

நிலக்கடலையைச் சில ஊர்களில் வேர்க்கடலை என்பார்கள். சில ஊர்களில் மணிலாக் கொட்டை என்பார்கள். இதை வெல்லப் பாகில் சேர்த்துச் செய்யும் மிட்டாய் நாடெங்கும் உண்டு. மகாராஷ்டிரத்தில் இதைச் சிக்கி என்கிறார்கள். அங்கே லோணாவ்ளா என்ற ஊர் சிக்கிக்குப் பெயர் பெற்றது. பீகாரில் கயா என்ற ஊரில் எள்ளை வைத்துத் தில்குட் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தில் பள்ளி மதிய உணவோடு கடலை மிட்டாயும் சேர்க்கப்பட்டது.

இதில் என்ன சத்து?

உடல் வளரப் புரதச் சத்து வேண்டும். 100 கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராம் புரதம்தான் இருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. கடலையில் எண்ணெய்ச் சத்தும் அதிகம். அதனால் ஒரு துண்டு தின்றாலே பசி அடங்கும். கொஞ்சம் எள் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். எலும்புக்கும் பல்லுக்கும் அது நல்லது.

நல்ல கடலையாகப் பாருங்கள்

செய்வதற்கு முன் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. கடலையை முறத்தில் கொட்டிப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதுவும் வேண்டாம். “கொஞ்சம்தானே, வறுத்தால் சரியாகிவிடும்” என்று நினைக்காதீர்கள்.

ஈரமான கடலையில் ஒரு வகைப் பூசணம் வளரும். அது ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுவதும் அழியாது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. நம் நாட்டிலும் கொடுமை நடந்தது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கும் காரணம் இதே நஞ்சுதான்.

ஆகவே கெட்ட கடலையைத் தூர எறியுங்கள். ஆடு மாடுகளுக்கும் போடாதீர்கள். தின்னும்போது ஒரு கடலை கசந்தால் துப்பிவிடுங்கள். கடலையை நன்றாகக் காயவைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

தேவையான பொருள்கள்

நிலக்கடலை – 300 கிராம்
வெல்லம் – 200 கிராம்
தண்ணீர் – கால் டம்ளர்
நெய் – 1 கரண்டி
சுக்குப் பொடி அல்லது ஏலக்காய்ப் பொடி – ஒரு சிட்டிகை

வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் மயங்காதீர்கள். நிறத்துக்காக ரசாயனம் சேர்ப்பது உண்டு. பழுப்பு நிற வெல்லமே நல்லது.

செய்யும் முறை

1. கடலையைச் சிறு தீயில் வறுங்கள். ஆறியதும் கையால் தேய்த்து, தோலைப் புடைத்து நீக்குங்கள்.

2. ஒரு தட்டில் நெய் தடவித் தயாராக வையுங்கள். பாகு வந்த பிறகு இதற்கு நேரம் இருக்காது.

3. வெல்லத்தை நசுக்கித் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். கரைந்ததும் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் போய்விடும்.

4. மறுபடி அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விடுங்கள். அதை எடுத்து உருட்டித் தட்டில் போடுங்கள். ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம்.

5. உடனே அடுப்பை அணையுங்கள். கடலையையும் பொடியையும் கொட்டிக் கிளறுங்கள். நெய் தடவிய தட்டில் கொட்டி, டம்ளரின் அடிப்பாகத்தால் சமமாக அழுத்துங்கள்.

6. சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போடுங்கள். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு. மொத்தம் 16 துண்டுகள். ஆறியதும் உடைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

கவனம்! வெல்லப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது. கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த நேரத்தில் பிள்ளைகளை அடுப்பருகே விடாதீர்கள்.

மிட்டாய் இளகிப் போனால் கவலை வேண்டாம். பாகு பதம் போதவில்லை, அவ்வளவுதான். உருண்டையாகப் பிடித்து இரண்டு நாளில் தின்றுவிடுங்கள்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலை கொடுக்கக் கூடாது. மூச்சுக் குழாயில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. அவர்களுக்குக் கடலையையும் வெல்லத்தையும் நன்றாக இடித்து, மாவுபோல ஆக்கிக் கொடுங்கள். கடலை தின்றால் சிலருக்கு உடம்பு தடிக்கும், மூச்சுத் திணறும். அவர்கள் கடலையைத் தொடவே கூடாது.

வெல்லமும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. பிள்ளைகளுக்கும் ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும். தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கணக்குப் போடுங்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். கடலை 45 ரூபாய். வெல்லம் 13 ரூபாய். நெய், எரிபொருள் 6 ரூபாய். மொத்தம் 64 ரூபாய். அதை 16-ஆல் வகுத்தால் ஒரு துண்டு 4 ரூபாய். ஒரு துண்டின் எடை ஏறத்தாழ 30 கிராம். அதில் 4 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும்.

உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். அதை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். முன்பு குறித்த பாக்கெட்டின் எடையையும் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். எதில் எடை அதிகம்? எது வயிற்றை நிரப்பும்?

நாளை மாலை பிள்ளை வந்து, “அம்மா, பசிக்குது” என்பான். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கொடுங்கள். கூடவே நோட்டையும் கொடுத்து, கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா போட்ட கணக்கு சரியா என்று அவனே பார்க்கட்டும்.