மலைப்பாதையில் வெப்பூட்டி

கோடை விடுமுறை தொடங்கியதும், வாஷியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சில காரிலேயே சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை புனே, சதாரா, பெங்களூரு வழியாகத் தமிழகத்தை அடைகிறது. வாஷி கடற்கழியின் கரையில் உள்ள ஊர். பன்வேலைக் கடந்து கோபோலியை நெருங்கியதும் சாலை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத் தொடங்கும். மலைமேல் உள்ள லோனாவாலா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

மே மாத வெயிலில், ஆட்களும் பெட்டிகளும் நிறைந்த கார் அந்த ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது அதன் இயந்திரம் மிகுதியாகச் சூடாவதுண்டு. வெப்பநிலை காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகரும். அவ்வேளையில் பட்டறிவு மிக்க ஓட்டுநர் குளிரூட்டியை நிறுத்துவார்; சன்னல்களைத் திறந்துவிட்டு வெப்பூட்டியை முழு அளவில் இயக்குவார். காரில் இருப்போர் வியப்படைவர். வெயிலில் வெப்பூட்டி எதற்கு? அது இயந்திரத்தின் சூட்டைத் தணிக்குமா?

இயந்திரத்தின் வெப்பம்

எரிபொருள் எரியும்போது உருளைக்குள் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசையும் கடக்கிறது. இயந்திரத்தின் பல பகுதிகள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே, வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டியுள்ளது.

இப்பணியைச் செய்வது குளிர்விப்பு நீர்மம். பழுது பார்ப்போர் இதனைக் 'கூலன்ட்' என்பர். நீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த இந்நீர்மம், இயந்திரத்தைச் சுற்றி ஓடி வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. பின்னர், காரின் முன்புறம் உள்ள ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாய்ந்து, அவ்வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. மாட்டுங்கா உணவகத்தில் காப்பியை டம்ளரிலிருந்து டவராவில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறது அன்றோ? பரப்பு மிகுந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும். ரேடியேட்டரும் அவ்வாறே பரப்பை மிகுவிக்கிறது.

சிறிய ரேடியேட்டர்

வெப்பூட்டிக்கு வழக்கமான கார்களில் தனி அடுப்பு ஏதும் இல்லை. ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையின் பின்னே மற்றுமொரு சிறிய ரேடியேட்டர் இருக்கிறது. சூடான குளிர்விப்பு நீர்மத்தின் ஒரு பகுதி அதனுள்ளும் ஓடுகிறது. விசிறி அதன்மீது காற்றைச் செலுத்த, வெப்பக் காற்று காருக்குள் வருகிறது. எனவே, வெப்பூட்டி வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இயந்திரத்தின் வெப்பத்தை இடம் மாற்றுகிறது.

அவ்வாறாயின், வெப்பூட்டியை இயக்கும்போதெல்லாம் இயந்திரம் குளிர்ந்துவிடுமா? இல்லை. இதற்குக் காரணம் 'தெர்மோஸ்டாட்' என்னும் கருவி. அது ஏரியின் மதகு போன்றது. நீர்மம் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடிவைக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 90 டிகிரியை எட்டும்போது திறக்கும். வெப்பூட்டி சிறிது வெப்பத்தை எடுத்துக்கொண்டால், மதகு அதற்கேற்பச் சிறிது மூடிக்கொள்ளும். ரேடியேட்டர் வழியே வெளியேறும் வெப்பம் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே, சமவெளிப் பயணத்தில் முள் அசையாது.

இரண்டு வேளைகளில் மட்டும் மாற்றம் தெரியும். முதலாவது, கடுங்குளிரில் காரைக் கிளப்பும் வேளை. லடாக்கின் லே நகரில் குளிர்காலக் காலையில் உடனே வெப்பூட்டியை இயக்கினால், இயந்திரம் சூடேறக் கூடுதல் நேரம் ஆகும். இரண்டாவது, மலையேற்ற வேளை. அப்போது மதகு முழுவதும் திறந்திருக்கும். ரேடியேட்டரும் தன்னால் இயன்ற அளவு உழைத்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் வெப்பூட்டி வெளியேற்றும் வெப்பம் முழுவதும் கூடுதல் உதவியாகும். குளிரூட்டியை நிறுத்துவதால் இயந்திரத்தின் சுமையும் குறைகிறது.

எச்சரிக்கை

இவ்வுதவி சிறிது நேரத்திற்கு மட்டுமே போதுமானது. முள் இறங்காவிடில் காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைக்க வேண்டும். முள் சிவப்பைத் தொட்டிருக்க, வெப்பூட்டியிலிருந்து குளிர்ந்த காற்று வருமாயின், நீர்மம் கசிந்து குறைந்திருக்கக்கூடும். அப்போது சிறிது தொலைவு கூடச் செல்லலாகாது.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே நீர்மம் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்தவுடன் அழுத்தம் குறைந்து, கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். இயந்திரம் நன்கு ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை. ஊருக்குச் சற்றுத் தாமதமாகச் சென்றாலும் நலமாகச் சென்று சேர வேண்டும் அன்றோ?

சொற்பொருள்

கடற்கழி – நிலத்தினுள் புகுந்த கடல்நீர்ப் பரப்பு
பட்டறிவு – அனுபவம்
நீர்மம் – திரவம்
மதகு – ஏரிநீர் வெளியேறும் அடைப்புள்ள வழி
பீறிட்டு – வேகமாக வெளிப்பட்டு

வினாக்கள்

1. வெப்பூட்டிக்கு வெப்பம் எங்கிருந்து கிடைக்கிறது?
2. தெர்மோஸ்டாட் ஏரியின் மதகுக்கு ஒப்பிடப்படுவது ஏன்?
3. சமவெளியில் அசையாத முள், மலையேற்றத்தில் வெப்பூட்டியை இயக்கும்போது இறங்குவது ஏன்?
4. டம்ளரிலும் டவராவிலும் ஒரே அளவு வெந்நீரை ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து எது மிகுதியாக ஆறியுள்ளது எனப் பெரியவர் துணையுடன் கண்டறிந்து, காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.