களனியின் தலைமாட்டில்

கொழும்புக் காரியாலயங்களில் அருகருகே அமர்ந்து ஆண்டுக்கணக்காக உத்தியோகம் பார்த்தும் மனம்விட்டுப் பழகாத ஊழியர்களுக்குள் சிநேகம் வளரவேண்டுமென்ற நல்லெண்ணத்தினால், நிறுவனங்கள் அவர்களை இரண்டொரு நாள் நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் அழைத்துவருவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. குளிர்காற்றும் விளையாட்டும் விருந்தும் மனத்துக்கு உல்லாசமே; ஆயினும் அவர்கள் திரும்பிச் சென்றபின் தேயிலைச் சரிவில் பொலித்தீன் பைகளும் வெற்றுப் போத்தல்களும் எஞ்சுமாயின், அந்தச் சந்தோஷத்தின் விலையை மலையன்றோ செலுத்துகிறது!

இதனினும் மேலானதொரு மார்க்கத்தை நம் நாடே கண்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டில், கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரீ. ஆரியரத்ன, தம் மாணவர்களைக் கனதொலுவ என்னும் ஏழைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, கிராமத்தாரோடு ஒன்றாக உழைக்கச் செய்தார். அந்த முகாமிலிருந்து வளர்ந்ததே சர்வோதய சிரமதான இயக்கம். உழைப்பைத் தானமாகத் தரும் இடத்தில் பதவிப் பேதம் தானே கரைந்துவிடுகிறது.

அத்தகைய தொண்டுக்கு அட்டனுக்கு அப்பாலுள்ள சிவனொளிபாதமலையைவிடப் பொருத்தமான க்ஷேத்திரம் அரிது. 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு, மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை, நான்கு மதத்தாரும் யாத்திரை வருகின்றனர். அட்டன் பக்கத்து அடிவாரமாகிய நல்லதண்ணியிலிருந்து ஏறும் படிவழியில் அவர்கள் விட்டுச்செல்லும் குப்பை, பின்னே வரும் தென்மேற்குப் பருவமழையில் ஓடைகளுக்கு இறங்குகிறது; ஓடைகள் மஸ்கெலி ஓயாவாகி, மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் கடந்து, களனி கங்கையில் கலக்கின்றன; களனி நீரே அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பெற்றுத் தலைநகரின் குழாய்களுக்குச் செல்கிறது. ஆகவே, நல்லதண்ணிப் படிகளில் குனிந்து ஒரு போத்தலைப் பொறுக்கும் கொழும்பு உத்தியோகத்தர், தம் வீட்டுத் தண்ணீரையே காக்கிறார்.

இத்தகைய தொண்டுப் பயணத்தை ஏற்பாடு செய்வோர் சில நியமங்களைக் கைக்கொள்ளுதல் நலம். தனித்தனி வாகனங்களைத் தவிர்த்து அட்டன் வரை புகையிரதத்தில் வரலாம். சேர்த்த குப்பையை அடிவாரத்திலே குவித்துவிடாமல், அகற்றும் வழியைப் பிரதேச சபையோடு முன்னரே பேசிக்கொள்ளவேண்டும். ரொட்டியும் சம்பலும் தேநீரும் லயத்துப் பெண்களிடம் நியாயமான விலைக்கு வாங்கி, வழிகாட்டும் தோட்டத்து இளைஞருக்கு உரிய கூலி கொடுக்கவேண்டும். காலைப் பெரட்டு முடிந்து, பனியில் நனைந்தபடி நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் தாய்மாரைக் காட்சிப் பொருளாக்கிப் படமெடுத்துப் போவது அழகன்று. வேலை ஓய்ந்த பொழுதில் அவர்களோடு அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதே மரியாதை.

யாத்திரைக் காலந்தோறும் குப்பை மீண்டும் சேரும். ஆதலால் ஒரு முறை வந்து போவது உபகாரமே எனினும், ஆண்டுதோறும் அதே படிகளுக்குத் திரும்பி வருவதுதான் உறவு.